மைதீன் சாரின் பதினேழாம் பட்டை

செய்தி வந்தபோது நான் பாவூர்சத்திரம் சந்தையில் சின்ன வெங்காயத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர் சுடலைமுத்து போனில் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு டெம்போக்காரர் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். "மேடம், மைதீன் சார் தவறிட்டாங்களாம்" என்றார் சுடலைமுத்து. "எந்த மைதீன்?" என்றேன். எங்கள் கல்லூரியில் மைதீன்கள் நான்கு பேர். அலுவலகத்தில் ஒருவர், வணிகவியலில் ஒருவர், நூலகத்தில் ஒருவர், இயற்பியலில் ஒருவர். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நம்ம பல்லி சார்தான் மேடம். காலைல தொழுதுட்டு வந்து நாற்காலில உக்காந்தாங்களாம், அவ்வளவுதான்" என்றார். அவர் தயங்கிய அந்த நேரத்தில், மற்ற மூன்று பேரில் ஒருவராக இருக்கட்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன். அந்த மூவரும் இதைப் படிப்பார்கள். மன்னிக்க வேண்டும்.

மைதீன் சாரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரி மலரில் இரண்டு பக்கம் கேட்டார்கள். அவரோடு ஆறு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தவள் நான் என்பதால் கேட்டார்கள். அவரைப் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைத்தவளும் நான்தான். அது கேட்டவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார்கள்.

நான் விலங்கியல், அவர் இயற்பியல். எங்கள் கட்டடத்துக்கு வெள்ளையடித்த ஒரு விடுமுறையில்தான் அவர் முதன்முதலாக என் அறைக்குள் வந்தார். காலில் சுண்ணாம்பு, சட்டையில் சுண்ணாம்பு. "மேடம், ஒரு சந்தேகம். ஈரம் காயாத சுண்ணாம்புச் சுவர்ல ஒரு பல்லி நடந்து போச்சு. கால் பூரா வெள்ளை. நேரா ஜன்னல் கண்ணாடில ஏறிச்சு. நாலு எட்டு வழுக்குச்சு. அஞ்சாவது எட்டுல இருந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறிப் போயிட்டு. காலை யாரு கழுவி விட்டது?" என்றார். இருபது வருடமாகப் பல்லியை அறுத்துக் காட்டிப் பாடம் நடத்துகிறவள் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வராமல், நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

அன்று படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்லியின் பாதத்தில் பசை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவை சுவரை அவ்வளவு நெருக்கமாகத் தொடுவதாலேயே ஒட்டிக்கொள்கின்றன. தூசிக்கு அந்த இழையைவிடச் சுவரின் மேல் பிடிப்பு அதிகம். அதனால் நடக்க நடக்கத் தூசி சுவரிலேயே தங்கிவிடுகிறது, கால் தானாகச் சுத்தமாகிவிடுகிறது. மறுநாள் இதைச் சொன்னதும் மைதீன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒட்டுறது ஒண்ணும் பெரிய காரியம் இல்ல மேடம். செல்லோடேப்பும் ஒட்டும். ஒட்டி, அழுக்காகி, தன்னாலேயே சுத்தமாகி, திரும்பவும் ஒட்டணும். அதுதான் காரியம்" என்றார். அப்படி ஒரு பட்டையை நாமே செய்து பார்க்கலாம் என்றார். அந்த வாரம் முதல் அவருக்குப் பல்லி சார் என்று பெயர்.

பல்லிக்கால் மட்டும் போதாது, தண்ணீர் ஒட்டாத மேற்பரப்பும் அதோடு சேர வேண்டும் என்பது அவர் யோசனை. சேம்பு இலையில் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு, போகிற போக்கில் தூசியையும் துடைத்துக்கொண்டு போகுமல்லவா, அந்த வித்தையைப் பட்டையில் கொண்டுவர வேண்டும். இலையின் மேல் கூழ் மாதிரி இருக்கும் சிலிக்கோனை ஊற்றி இறுகவிட்டு அச்செடுப்பார். நுண்துளைகள் உள்ள வடிதாளில் அதே சிலிக்கோனை ஊற்றி இழைகள் வார்ப்பார். இரண்டையும் ஒரே பட்டையில் சேர்ப்பார். உள்ளங்கையில் கால்வாசி அகலம்கூட இருக்காது. அதற்கு மூன்று நாள் பிடிக்கும்.

இலைக்கு ஐந்தருவிப் பக்கம் போவோம். ஓடைக்கரையில் சேம்பு தழைத்துக் கிடக்கும். ஒருமுறை அவர் ஈரத் தாளில் பொதிந்து கொண்டுவந்த இலைக்கட்டை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு கைப்பிடிச்சுவரில் ஏறிவிட்டது. சாரல் பெய்துகொண்டிருந்தது. சுற்றுலா வந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. "ஏலே, அது பஜ்ஜி இல்லலே, வெறும் இலைலே" என்று அவர் அதனிடம் மன்றாடினார். குரங்கு பிரித்துப் பார்த்து, ஒரு கடி கடித்து, நாக்கு அரித்திருக்கும் போல, முகத்தைச் சுளித்து எறிந்தது. மற்ற இலைகளெல்லாம் கசங்கிப்போயின. அந்தக் கடிபட்ட இலையிலிருந்துதான் பதினேழாம் எண் பட்டை வந்தது. குறிப்பேட்டில் மூலப்பொருள் என்ற இடத்தில் "குரங்கு கடித்த இலை, இடது ஓரம்" என்று எழுதிவைத்தார். இதையெல்லாமா எழுதுவது என்று கேட்டேன். "நடந்ததுல்லா மேடம்" என்றார்.

அதற்கு முந்தைய பதினாறும் உதவாதவை. பதினேழாம் பட்டையை ஒரு கண்ணாடித் துண்டில் அழுத்தி, அதன் முதுகில் பதித்திருந்த கொக்கியில் தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் சொம்பைத் தொங்கவிட்டார். நின்றது. சாக்பீஸ் தூளில் புரட்டினார், சொம்பு விழுந்தது. பட்டையின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். தூள் உருண்டு போனது. உதறிவிட்டு மறுபடி தொங்கவிட்டார். நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒரு வேடிக்கை. வெயில் அடித்த நாட்களில் ஒரு சொம்பு தாங்கிய பட்டை, சாரல் நாளில் ஜன்னலைத் திறந்துவைத்தால் ஒன்றரைச் சொம்பு தாங்கியது. ஈரக்காற்றில் பிடி தளரும் என்றுதான் நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். "புரியலையே மேடம்!" என்றார். வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் சோறு இறங்காது. அவருக்குப் புரியாவிட்டால்தான் பசியே எடுக்கும்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை.

வார்ப்பு இறுகும்வரை அச்சின் இரண்டு பக்கமும் அசையாமல் இறுக்கிக் கட்டவேண்டும். மைதீன் சார் அதற்குப் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி வைத்திருந்தார். நம் ஊரில் பால் கேனானாலும் வாழைத்தாரானாலும் கேரியரில் கட்டுவது டியூபால்தானே. எங்கள் யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஒருநாள் மீந்துபோன சிலிக்கோனை வீட்டுக்குக் கொண்டுபோய், உடைந்த பீங்கான் சாடியை ஒட்டலாம் என்று பூசி, நானும் டியூபால் கட்டிவைத்தேன். டியூப் பட்ட இடமெல்லாம் மூன்று நாளாகியும் இறுகாமல் பிசுபிசுவென்று இருந்தது. டப்பாவை எடுத்துப் படித்தேன். கந்தகம் சேர்ந்த ரப்பர் பட்டால் இறுகாது என்று அதிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. சைக்கிள் டியூப் கந்தகம் சேர்த்த ரப்பர்தான். ஆறு வருடமாக இரண்டு பேராசிரியர்கள் டப்பாவைப் படிக்கவில்லை.

அதை மறுநாள் காலை அவர் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகத்தான் நினைத்தேன். ஆனால் மறுநாள் ஆய்வுக்குழுக் கூட்டம். வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். முதல்வர் எழுந்து, "நம்ம மைதீன் சார் தனியாளாக நின்று செய்திருக்கிறார்" என்று ஆரம்பித்தார். தனியாளாக. மைதீன் சார் உடனே, "கோமதி மேடமும் நானும்" என்று திருத்தத்தான் செய்தார். கைத்தட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது, ஆனாலும் போதவில்லை. நான் எழுந்து நின்று சொன்னேன்: "இது பல்லிக்கால் இல்ல. வேகாத பணியாரம். வேகாத மாவு எதுலயும்தான் ஒட்டும்." டியூபால் இறுகாமல் போன கதையைச் சொல்லி, பட்டை ஒட்டுவது அந்தப் பிசுபிசுப்பால்தான் என்றேன். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. வந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். மைதீன் சாரும் சிரித்தார். "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும். பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று உட்கார்ந்தார். ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையை அந்த வாரமே திரும்ப வாங்கிக்கொண்டார்.

நான் சொன்னதில் தப்பு இருந்ததோ இல்லையோ, சொன்ன இடமும் சொன்ன விதமும் தப்பு. பொறாமையில் பேசினேன். இதை அவரிடம் ஒருநாளும் நான் சொல்லவில்லை.

மாணவர்கள் பல்லி சாரைப் பணியாரம் சார் ஆக்கினார்கள். கரும்பலகையில் பணியாரம் வரைந்து வைத்தார்கள். அவர் அதன் பக்கத்திலேயே அன்றைய சமன்பாட்டை எழுதிப் பாடம் நடத்தினார் என்று கேள்விப்பட்டேன். என்னோடு முன்போலவே பேசினார். நோன்பு மாதத்தில் தூக்குவாளியில் கஞ்சி வந்தது. பட்டை பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. விட்டுவிட்டார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது.

அவர் அடக்கத்தன்று பெண்கள் இருந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி ஹலிமா மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். போனேன். தேநீர் வைத்தார். "டீச்சர், காலேஜ்ல படம் தொறக்கப் போறாஹளாமே. அதுக்கு அடியில, தானே சுத்தமாகும் ஒட்டுப்பட்டையைக் கண்டுபிடிச்சவர்னு எழுதப் போறாஹளாம். மகன் சவூதில தம்மாம்ல இருந்து கேக்குதான். அங்கன அவன்கூட வேலை பாக்குத பையன் நம்ம காலேஜ்ல படிச்சவனாம், பணியாரம் சார் மகனாலேன்னு கேட்டுட்டானாம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது பல்லியா, பணியாரமா? நீங்க சொன்னா நான் நம்புவேன்."

பதில் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது தெரியவில்லை. ஹலிமா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். அதில் மைதீன் சாரின் குறிப்பேடும் பதினேழாம் எண் பட்டையும் இருந்தன. எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னார்.

குறிப்பேட்டைப் படித்துத் தலை சுற்றியதுதான் மிச்சம். அவர் விட்டுவிடவே இல்லை. கூட்டத்துக்கு மறுநாள் தொடங்கி, டியூபைத் தூக்கிப்போட்டுவிட்டு நூலால் கட்டி வார்த்திருக்கிறார். வரிசையாகத் தோல்வி. "கோமதி மேடம் சொன்னது சரி" என்று அடிக்கோடிட்டிருக்கிறார். நான்கு பக்கம் தள்ளி, நூலால் கட்டிய ஒரு பட்டை சொம்பைத் தாங்கியிருக்கிறது. "கோமதி மேடம் சொன்னது தப்பு." அடுத்த வாரம் வேண்டுமென்றே டியூபால் கட்டி வார்த்ததில் பிசுபிசுப்பு வந்திருக்கிறது, ஆனால் தூசி அதில் அப்பிக்கொண்டு கழுவினாலும் போகவில்லை. பதினேழாம் பட்டையிலோ தூசி போனது. அப்படியானால் பதினேழு வெந்ததா, வேகாததா? "பாதி வெந்திருக்குமோ? குரங்கு கடித்ததால் இலைப்பால் ஏதும் கலந்திருக்குமோ?" என்று ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி. "மேடத்தோடு உட்கார்ந்து பார்த்தால் பிடிபடும். இன்னும் கோபமாக இருக்காங்களோ என்னமோ."

அவமானப்பட்டவர் அவர். கோபம் எனக்கு என்று நினைத்திருக்கிறார். இதைப் படித்துவிட்டு நான் அழுதேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. வேகாத சிலிக்கோனைப் பெட்ரோல் கரைத்துவிடும், வெந்ததைக் கரைக்காது. பட்டையைப் பெட்ரோலில் ஊறவைத்து உலர்த்தினால், பிசுபிசுப்பால் ஒட்டியிருந்தால் ஒட்டாமல் போகும், இழையால் ஒட்டியிருந்தால் ஒட்டும். ஆனால் அவர் கையால் செய்து மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். நான்கு நாள் யோசித்தேன். சுடலைமுத்து ஒரே வார்த்தையில் முடித்துவைத்தார். "மேடம், அவர் இருந்தா இந்நேரம் அதை நாலா வெட்டியிருப்பார்லா?"

முழுப்பட்டையை முதலில் தொங்கவிட்டேன். சொம்பு நின்றது. பிறகு இரண்டாக வெட்டினேன். ஒரு பாதியைப் பெட்ரோலில் ஊறப்போட்டு எடுத்தேன், இன்னொரு பாதியை அப்படியே வைத்தேன். இரண்டுக்கும் தனித்தனிக் கொக்கி, பாதித் தண்ணீர். நான் சொன்னது சரியென்றால் கழுவிய பாதி விழ வேண்டும், கழுவாதது நிற்க வேண்டும். அவர் செய்தது சரியென்றால் இரண்டுமே நிற்க வேண்டும்.

கழுவிய பாதி நின்றது. கழுவாத பாதி விழுந்தது.

கண்ணாடியை மாற்றினேன். அதேதான். வேகாத மாவு இருக்கிற பக்கம் ஒட்டவில்லை, எடுத்துவிட்ட பக்கம் ஒட்டுகிறது. கழுவிய பாதியைச் சாக்பீஸ் தூளில் புரட்டி, தண்ணீர் சொட்டி, திரும்பத் தொங்கவிட்டேன். நான்கு முறை நின்றது, ஐந்தாம் முறை விழுந்தது, ஒன்றுமே செய்யாமல் ஆறாம் முறை தொங்கவிட்டபோது நின்றது. என் விளக்கமும் போயிற்று, அவர் விளக்கமும் போயிற்று. எனக்கு எரிச்சல் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். இரண்டு பாதிகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் மாடிப்படி ஏறி இயற்பியல் துறை வாசல் வரை போய்விட்டேன். அவர் நாற்காலியில் புதிதாக வந்த ஒரு பெண் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "யாரைப் பாக்கணும் மேடம்?" என்றாள்.

அன்று மாலை ஹலிமாவுக்குப் போன் செய்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். "அப்ப பல்லியா, பணியாரமா டீச்சர்?" என்றார். "பணியாரம்னு நான் சொன்னது தப்பு. அது பொறாமையில சொன்னது. உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கேன், உங்க மகன்கிட்டயும் கேக்கேன். பல்லிதான்னு சொல்லவும் எனக்குத் தைரியம் இல்ல. தெரியல ஹலிமா" என்றேன். "நீங்க தெரியலன்னு சொல்லி நான் இன்னைக்குத்தான் கேக்கேன்" என்றார். பிறகு, "இதை அவுஹ கேட்டிருக்கணும்" என்றார்.

நண்பர்களே, படத்தின் அடியிலிருந்து அந்த வரியை எடுக்கச் சொன்னது நான்தான். கோபப்பட்டவர்கள் என்னிடம் வரலாம். கண்டுபிடித்தவர் என்று எழுதினால், குரங்கு கடித்த ஓரத்தைக்கூட விடாமல் எழுதிய அந்த மனிதர் ஒப்புக்கொள்ளமாட்டார். வெறும் பெயரும் துறையும் போதும். பணியாரம் சார் என்று இனி யார் சொன்னாலும் அந்தப் பெயருக்கு வழிசெய்தவள் இன்ன காரணத்துக்காகச் செய்தாள் என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

குறிப்பேட்டை ஹலிமா எனக்கே கொடுத்துவிட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் அந்த இரண்டு பாதிகளும்தான். குறிப்பேட்டில் நிறையப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. அவருடைய கடைசி இரண்டு வரிகளுக்குக் கீழே அன்றைய முடிவுகளை ஒன்றுவிடாமல் எழுதினேன், விழுந்தது, நின்றது, விழுந்தது என்று. எழுதி முடித்துவிட்டு இதையும் எழுதினேன்: மைதீன் சார், எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. வந்து உட்காருங்கள். எனக்கும் புரியவில்லை.